டாட்ரி: ஒரு புனிதையின் பெயர் பட்ட பாடு

வணக்கம் நேயர்களே. இங்கிலீஷில் டாட்ரி என்று ஒரு சொல் உண்டு. தூரத்தில் ஜொலிக்கும், கிட்டே போனால் மட்டமான சரக்கு, அந்த மாதிரிப் பகட்டைச் சொல்வதற்கு. இந்தச் சொல் ஒரு புனிதையின் பெயர் என்றால் நம்புவீர்களா? கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் கிழக்கே, சதுப்பு நிலத்துக்கு நடுவில் மேடாக இருக்கும் ஊர் ஈலி. அங்கே 673ல் எதெல்த்ரித் என்ற அரசகுமாரி ஒரு மடத்தை நிறுவினார். வாயில் நுழையாத பெயர் இல்லையா, ஜனங்கள் ஆட்ரி என்று சுருக்கிவிட்டார்கள். 679ல் கழுத்தில் பெரிய கட்டி வந்தது, வைத்தியர் கீறிவிட்டும் மூன்றாம் நாள் இறந்துபோனார். அந்தக் கட்டியைப் பற்றி அவரே சொன்னதாக பீட் என்ற துறவி 731ல் முடித்த வரலாற்றில் எழுதியிருக்கிறார்: சின்ன வயதில் வீணாக அட்டிகை சுமந்த கழுத்து இது, தங்கத்துக்கும் முத்துக்கும் பதிலாக இப்போது இந்தச் சிவந்த கட்டி. கவனியுங்கள், கழுத்தணியை நினைத்து வருந்திய பெண்மணி இவர்.

பதினாறு வருடம் கழித்து, மடத்துத் தலைவியாக இருந்த அவருடைய அக்கா கல்லறையைத் திறக்கச் சொல்கிறார். உடல் கெடவே இல்லையாம்! அதே வைத்தியர் வந்து பார்க்கிறார், தான் கீறிய காயம் ஆறி மெல்லிய தழும்பாகக் கிடக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்த நாளைத்தான், அக்டோபர் 17ஐ, ஈலியில் திருநாளாகக் கொண்டாடினார்கள். திருநாள் என்றால் சந்தை இல்லாமலா? சந்தையில் எது அமோகமாக விற்றது தெரியுமா? கழுத்தில் கட்டும் பட்டு நாடா! செயின்ட் ஆட்ரி லேஸ் என்றே அதற்குப் பெயர். அட்டிகைக்காக வருந்தியவர் பெயரில் கழுத்தணி வியாபாரம். எனக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது.

சரி, ட எங்கிருந்து வந்தது? செயின்ட் ஆட்ரி, செயின்ட் ஆட்ரி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முன்சொல்லின் கடைசி ட் நழுவி ஆட்ரியோடு ஒட்டிக்கொள்ளும். டாட்ரி! ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு கிராமத்துப் பெண் டாட்ரி லேஸ் கேட்கிறாள், அதில் ஏளனமே கிடையாது. பிறகு சரக்கு மட்டமாகி, நாடாவும் வழக்கொழிந்து, பதினேழாம் நூற்றாண்டில் வசவு மட்டும் மிஞ்சியது.

மாட்லின் என்ற சொல்லையும் சொல்வதாக இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். ஓவியங்களில் அழுதுகொண்டே இருக்கும் மகதலேனா மரியாளிடமிருந்து வந்தது, பொசுக்கென்று அழுகிறவர்களுக்குச் சொல்வது. அவ்வளவுதான், வணக்கம்.