ஒரே பாடம்: தாளில் ஒரு மதிப்பெண், திரையில் வேறு மதிப்பெண். ஏன்?

[திரையில்: நார்வே வரைபடம். பிறகு ஒரு வகுப்பறை.]

நார்வேயில் பத்தாம் வகுப்பு படிக்கும் 72 பேரிடம் இரண்டு பகுதிகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒன்று கதை, மற்றது தகவல் கட்டுரை. ஒவ்வொன்றும் 1400 முதல் 2000 சொற்கள். சிலருக்கு அச்சடித்த தாள். மற்றவர்களுக்கு அதே பகுதி கணினியில், பிடிஎஃப் வடிவில். பிறகு கேள்விகள். தாளில் படித்தவர்கள்தான் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள்.

ஸ்டவாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் மாங்கனும் அவருடைய குழுவினரும் 2013ல் வெளியிட்ட ஆய்வு இது. "பார்த்தீர்களா, திரையில் படித்தால் மண்டையில் ஏறாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளில் இதுவும் அடிக்கடி வரும். அவ்வளவு அவசரப்பட வேண்டாம்.

[திரையில்: ஒரு கணினியில் இரண்டு ஜன்னல்கள் மாறி மாறித் திறக்கின்றன.]

இங்கே பாருங்கள். கேள்விகளுக்கு எல்லோரும் கணினியில்தான் பதில் எழுதினார்கள். பாடத்தைத் திரும்பப் பார்க்கவும் அனுமதி உண்டு. தாள் வைத்திருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருந்தது. மற்றவர்கள் பாடத்துக்கும் கேள்விக்கும் மாற்றி மாற்றித் தாவ வேண்டியிருந்தது. அந்த அலைச்சலுக்கும் மதிப்பெண் குறைந்ததில் பங்கு இருக்கலாம்.

சரி, ஒரே ஒரு ஆய்வை நம்ப வேண்டாம். 2018ல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்ந்து 54 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகள் அவை. அங்கேயும் தாள்தான் முன்னால் நின்றது, ஆனால் பெரிய வித்தியாசத்தில் இல்லை. எங்கே வித்தியாசம் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கதை மட்டும் படித்தபோது தாளும் திரையும் ஏறக்குறைய ஒன்றுதான். அறிவியல், வரலாறு மாதிரி தகவல் நிறைந்த பகுதிகளில்தான் திரை பின்தங்கியது. நேரத்தைக் கட்டிப்போட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் பின்தங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது இப்படித்தானே!

இன்னொன்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனோடே பிறந்தவர்கள், அவர்களுக்குத் திரை பழகிவிடும்" என்று சொல்வோம் இல்லையா? அந்த ஆய்வுகள் 2000 முதல் 2017 வரை வந்தவை. வருடம் ஏற ஏற இடைவெளி சுருங்கவில்லை, கூடியிருக்கிறது.

[திரையில்: "பத்துக்கு எவ்வளவு வரும்?"]

ஏன் இப்படி? கண் வலி, வெளிச்சம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். என்னை நம்ப வைத்த விளக்கம் வேறு. இஸ்ரேலின் ரக்கெஃபெட் அக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் 2011ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். படித்து முடித்ததும், "தேர்வில் உனக்கு எவ்வளவு வரும்?" என்று முதலில் கேட்டார்கள். தேர்வு அதற்குப் பிறகுதான். திரையில் படித்தவர்கள் தங்களுக்கு வரும் மதிப்பெண்ணை அதிகமாகவே மிகைப்படுத்திச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் படிப்பது என்பதை அவர்களிடமே விட்டபோது மதிப்பெண்ணும் குறைந்தது. ஆக, அவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. புரிந்துவிட்டது என்று சீக்கிரமே நினைத்துவிடுகிறார்கள். போனில் செய்தி, மீம்ஸ், மெசேஜ் என்று மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டே போகிற பழக்கம் பாடத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு? ஒன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய 39 ஆய்வுகளின் தொகுப்பு 2021ல் வந்தது. அச்சுப் புத்தகத்தை அப்படியே திரைக்கு மாற்றி, குரலும் ஒளிரும் எழுத்தும் மட்டும் சேர்த்தால் அச்சுதான் மேல். கதை புரிய உதவுகிற மாதிரி அசைவுகளைச் சேர்த்தால் திரை முந்துகிறது. ஆனாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதற்கு, குழந்தை தனியாகத் திரையைத் தட்டிக்கொண்டிருப்பது ஈடாகவில்லை.

[திரையில்: ஸ்வீடன்.]

திரையை விட்டு அச்சுப் புத்தகத்துக்குத் திரும்புகிறது என்று பேசப்பட்ட ஸ்வீடன் கதையையும் கேட்டிருப்பீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் பேர்ல்ஸ் தேர்வில் அந்த நாடு 2016ல் எடுத்தது 555, 2021ல் 544. அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் லொட்டா எட்ஹோல்ம் அச்சுப் புத்தகம் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். 2023ல் பாடநூல்களுக்காக அரசு 68.5 கோடி க்ரோனர் (ஸ்வீடன் நாணயம்) ஒதுக்கியது. உடனே, "ஸ்வீடன் கணினிகளைத் தூக்கிப் போட்டுவிட்டது" என்று ஃபார்வர்ட் பறந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. 11 புள்ளி சரிந்ததற்குத் திரை மட்டுமே காரணம் என்றும் யாராலும் சொல்லிவிட முடியாது. நடுவில் கொரோனாக் காலம் வேறு இருந்தது.

நம் வீட்டில் என்ன செய்வது? டீச்சர் குரூப்பில் போடும் பிடிஎஃப் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தால் கட்டுபடியாகாது. சூத்திரம் தேட, ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க போனே வசதி. நீளமான, புதிதான பாடங்களை மட்டும் தாளில் எடுங்கள், இல்லாவிட்டால் பாடப்புத்தகத்திலேயே படிக்கச் சொல்லுங்கள். போனில்தான் படித்தாக வேண்டும் என்றால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு வரி நோட்டில் எழுதட்டும். முடித்ததும், "பத்துக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளைக் கேளுங்கள். ஒன்பது என்று சொன்ன பிள்ளைக்கு ஐந்து வந்தால் திட்ட வேண்டாம். எந்தப் பத்தியில் கோட்டை விட்டது என்று அதுவே திரும்பிப் போய்த் தேடட்டும்.