காகிதம் சுடுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஆப்பிரிக்க எல்லைப் போர்களுக்குப் பெரிதும் காரணம் காலனி காலத்து வரைபடமா, விடுதலைக்குப் பின் வந்த தலைவர்களா? வரைபடமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வி போட்டார். எரித்திரியத் தலைவர் இசயாஸும் எத்தியோப்பியத் தலைவர் மெலஸும் எத்தியோப்பிய இராணுவ ஆட்சி என்ற ஒரே எதிரியோடு மோதிய தோழர்கள், 1991-ல் வென்றவர்கள் 1998-ல் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள், காகிதமா சுட்டது என்றார். பலமாகக் கைதட்டினீர்கள். சரி, அந்தக் காகிதத்தையே விரித்துப் பார்ப்போம்.

1902 மே 15 ஒப்பந்தம். அன்று எரித்திரியாவை ஆண்ட இத்தாலியோடு எத்தியோப்பியா செய்துகொண்டது. எல்லை செத்தித் ஆற்றோடு வரும். மயிதெப் என்ற சிற்றாறு கலக்கும் இடத்தில் திரும்பும். மரெப் ஆறும் மை அம்பெஸாவும் கூடுகிற இடத்தைப் போய்த் தொடும். இடையில் கிடக்கிற நிலம்? குனாமா மக்கள் எரித்திரியா பக்கம் வரும்படி இரு தரப்புப் பிரதிநிதிகளும் வரையறுப்பார்கள் என்று எழுதிவிட்டார்கள். கல் நட்டார்களா? நடவில்லை.

சரி, மயிதெப் எது? அங்கேதான் வம்பு. மேற்கே ஒரு ஆறு, கிழக்கே ஒத்த பெயரில் இன்னொன்று. மேற்கு ஆற்றிலிருந்து கோடு இழுத்தால் பாத்மே என்ற எல்லை ஊர் ஒரு நாட்டில், கிழக்கு ஆற்றிலிருந்து இழுத்தால் இன்னொரு நாட்டில். ஒரு பெயரை எந்தத் தண்ணீருக்கு வைப்பது என்பதில் ஒரு ஊரே கைமாறுகிறது, ஐயா!

அடுத்தது 1908. கடற்கரைக்கு இணையாக, 60 கிலோமீட்டர் உள்ளே தள்ளி எல்லை போகும் என்கிறது. கடற்கரை என்ன, அடிக்கோல் வைத்துக் கீறியதா? கடல் உள்ளே குடைந்தால் கோடும் கூடவே குடையுமா? தீவிலிருந்து அளப்பதா, கரையிலிருந்து அளப்பதா? எழுதியவர்கள் சொல்லவில்லை. கல் நட்டார்களா? நடவில்லை! நான்கு மால் எல்லை மட்டும் எழுதி, கல் நடாமல் விட்ட நிலம் எத்தனை தலைமுறைக்கு வழக்கு இழுக்கும் என்று இந்த அவைக்கு நான் சொல்லவா வேண்டும்?

1962-ல் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி எரித்திரியாவைத் தன் மாகாணமாக்கினார். மாகாண எல்லையை யார் அளப்பார்கள்? 1961 செப்டம்பரில் தொடங்கிய விடுதலைப் போர் 30 ஆண்டு நடந்தது. 1993 வாக்கெடுப்பில் 99.8 சதவீதம் விடுதலைக்கு விழுந்தது. அன்றைக்கு அந்தக் கல் நடாத வரப்பு ஒரே நாளில் இரு நாட்டு எல்லையானது. 1998 மே 6, பாத்மே அருகே துப்பாக்கி வெடித்தது. விரலை அழுத்தியவன் மனிதன், மறுக்கவில்லை. தலைவர்கள் பொறுத்திருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பரே, போர் முடிந்து 2000-ல் அல்ஜியர்ஸில் கையெழுத்திட்டபோது எதை வைத்து எல்லை பிரிக்கச் சொன்னார்கள்? அதே 1902, 1908 காகிதங்களையும், அவற்றுக்கு முந்தைய 1900 காகிதத்தையும் வைத்து! 2002-ல் ஹேகில் எல்லை ஆணையத்தின் தீர்ப்பு வந்தது. அதன் வரைபடங்களில் பாத்மே என்ற ஊரே குறிக்கப்படவில்லை. இரண்டு அரசுகளும் ஊர் எங்களுக்கே என்று அறிவித்தன. எரித்திரியாவுக்கு என்று பின்னர் தெளிவானபோது எத்தியோப்பியா கொடுக்க மறுத்தது. மாண்டவர்கள் 70,000-க்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு.

மாண்டவர்களை விடுங்கள், பிரிந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எரித்திரிய வம்சம் என்று எத்தியோப்பியா ஏறத்தாழ 75,000 பேரைப் பேருந்தில் ஏற்றி வெளியே தள்ளியது. கணவன் இங்கே, மனைவி அங்கே. கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை, 20 ஆண்டுகள்.

2018 ஜூலையில் சமாதானம் வந்து தொலைபேசிக் கம்பி உயிர் பெற்றது. சொந்தக்காரர் எண் கையில் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 291 என்ற எரித்திரிய நாட்டுக் குறியீட்டோடு மனதில் வந்த எண்களைப் போட்டார்கள். எடுத்தது யாரென்றே தெரியாது. அவரிடம் நலமா என்று கேட்டார்கள். ஜூலை 18-ல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவுக்கு முதல் விமானம். கூட்டம் தாங்காமல் சில நிமிஷத்தில் இன்னொன்று. இறங்கியவர்களில் சிலர் குனிந்து தரையை முத்தமிட்டார்கள்.

நண்பரே, அந்தத் தரையில் கோடு தெரிந்ததா?

நன்றி, வணக்கம்.