படம் நிற்கும்போது குரல்தான் நடிக்குது: அனிமே ரசனையைப் பிரிச்சுப் பார்க்கலாம்

[திரை: ஒரு பொண்ணோட முகம், க்ளோசப். 2 செகண்ட். வாய் மட்டும் அசையுது. சத்தம் இல்ல.]

இந்த ஷாட்டுக்கு எத்தனை படம் வரைஞ்சிருப்பாங்க? முகம் ஒண்ணு. வாய் மூணு: மூடினது, பாதி திறந்தது, முழுசா திறந்தது. செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப்படம் கணக்குல 48 ஃப்ரேம் ஓடுது, வரைஞ்சது நாலே நாலு.

[திரை: அதே ஷாட், இந்தத் தடவை குரலோட.]

இப்போ அவ அழுகையை அடக்கிக்கிட்டுப் பேசறான்னு புரியுது. கண்ணுல தண்ணி இல்ல, புருவம் அசையல. அந்த அழுகை முழுக்கக் குரல்லதான் இருக்கு. அதுவும் வசனம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற ஒரு சின்ன மூச்சுல.

"ஆர்ட் சூப்பர், குரல்தான் ஓவர்"னு ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போடறது அனிமே, அதாவது ஜப்பான் அனிமேஷன் ரசிகர்கள் பழக்கம். ஆனா ரெண்டும் ஒரே கணக்குல இருந்து வர்றது. எத்தனை படம் வரையறாங்க, எங்க மிச்சம் பிடிக்கறாங்கங்கறதைப் பொறுத்துதான் குரல் எவ்வளவு பாரம் தூக்கணும்னு முடிவாகுது. உங்களுக்கு எது பிடிக்குது, ஏன் பிடிக்குதுன்னு தெரியணும்னா முதல்ல அந்தக் கணக்கைப் பார்க்கணும்.

[திரை: ஒரு ஃபிலிம் சுருள், பக்கத்துல 24 கட்டங்கள்.]

1963 ஜனவரி 1. ஒசாமு தெசூகாவோட முஷி ப்ரொடக்ஷன் தயாரிச்ச ஆஸ்ட்ரோ பாய் ஜப்பான் டிவியில ஆரம்பிக்குது. வாரத்துக்கு ஒரு எபிசோட், அரை மணி நேர ஸ்லாட். செகண்டுக்கு 24 படம் வரைஞ்சு அந்த வேகத்துக்கு யாராலயும் ஓட முடியாது. அதனால ஒரே படத்தை 3 ஃப்ரேம் நிறுத்தினாங்க, அசையாத முகத்துல வாயை மட்டும் மாத்தினாங்க, பறக்கற ஷாட்களைச் சேர்த்து வெச்சுத் திரும்பத் திரும்பப் போட்டாங்க. டிவி அனிமேவோட இலக்கணம் அங்கதான் உருவாச்சு.

இன்னிக்கும் அடிப்படை அதேதான். ஒரு படம் 3 ஃப்ரேம் நின்னா செகண்டுக்கு 8 படம். 2 ஃப்ரேம் நின்னா 12. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப் படம்னா 24. நல்ல அனிமேட்டர் ஒரே ஷாட்டுக்குள்ளயே இதைக் கலப்பார்: கையை ஓங்கறப்போ மூணு மூணா, அடி விழற இடத்துல ஒண்ணு ஒண்ணா, அடிச்ச பிறகு அப்படியே ஒரு நிறுத்தம். அந்த வெட்டுற மாதிரியான வேகம் கலவையில இருந்து வருது. அதனால "படம் குறைவு, அப்போ சோம்பேறித்தனம்"ங்கற தீர்ப்பு பெரும்பாலும் தப்பு.

நீங்களே எண்ணிப் பார்க்கலாம். யூட்யூப்ல வீடியோவை நிறுத்திட்டு முற்றுப்புள்ளி கீயை அழுத்தினா ஒரு ஃப்ரேம் முன்னாடி போகும், காற்புள்ளி அழுத்தினா பின்னாடி. கம்ப்யூட்டர்ல வி.எல்.சி. ப்ளேயர்னா ஆங்கில 'ஈ' கீ. எத்தனை அழுத்தலுக்கு ஒரு தடவை படம் மாறுதுன்னு எண்ணுங்க.

இங்க மூணு இடத்துல ஏமாறுவீங்க. முதலாவது கேமரா. கேமரா நகர்ற ஷாட்ல பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும், கதாபாத்திரம் மூணு ஃப்ரேமுக்கு ஒரு தடவைதான் மாறும். எண்ண வேண்டியது கதாபாத்திரத்தோட கையையோ காலையோ.

ரெண்டாவது உங்க டிவி. 'மோஷன் ஸ்மூதிங்' மாதிரி ஏதாவது ஒரு பேர்ல ஒரு செட்டிங் இருக்கும். ரெண்டு படத்துக்கு நடுவுல இல்லாத படத்தை டிவியே கற்பனை பண்ணிச் சொருகும். வேணும்னே நிறுத்தின இடமெல்லாம் வழவழன்னு ஆகிடும், அடி விழற இடத்துல இருந்த வெட்டு காணாமப் போகும். அனிமே பார்க்கறதா இருந்தா முதல் வேலை அதை ஆஃப் பண்றது.

மூணாவதைப் பலர் கவனிக்கறதே இல்ல. 1997 டிசம்பர் 16-ல ஒளிபரப்பான ஒரு போகேமான் எபிசோட்ல சிவப்பு, நீல ஒளி வேகமா மாறி மாறி அடிச்சு, பார்த்துட்டிருந்த நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. அதுக்கப்புறம் 1998-ல ஜப்பான் ஒளிபரப்பாளர்கள் விதிமுறை கொண்டுவந்தாங்க. அதனால டிவி பதிப்புல சண்டைக் காட்சி வந்தா திடீர்னு திரை மங்கும், ஒரு படத்து மேல முந்தின படம் ஆவி மாதிரி படியும். ஸ்ட்ரீமிங்லயும் பல நேரம் அந்தப் பதிப்பேதான் வருது. "என்ன இது, அனிமேஷன் கலங்கலா இருக்கு"ன்னு அனிமேட்டரைத் திட்டறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. ப்ளூ-ரே பதிப்புல பெரும்பாலும் மங்கல் எடுக்கப்பட்டிருக்கும்.

[திரை: ஒரே காட்சி நாலு அடுக்கா பிரியுது.]

சரி, "ஆர்ட்". இந்த ஒரு வார்த்தைக்குள்ள நாலு தனித்தனி டிபார்ட்மென்ட் இருக்கு: கதாபாத்திர டிசைன், அசைவு, பின்னணி, கடைசியா எல்லாத்தையும் ஒண்ணு சேர்த்து ஒளி, மங்கல், வண்ணச் சாயல் போடற கம்போசிட்டிங். உங்களுக்கு உண்மையில எது பிடிக்குதுன்னு கண்டுபிடிக்க எளிய வழி: கதாபாத்திரத்தை விரலால மறைச்சுட்டுப் பாருங்க. அப்பவும் ஷாட் அழகா இருந்தா நீங்க பின்னணி ரசிகர். நிறுத்தி வெச்சா சுமார், ஓட விட்டா பிரமாதம்னா உங்களுக்குப் பிடிச்சது அசைவு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா வால்பேப்பர் மாதிரி இருக்கு, ஆனா எபிசோட் முழுக்க யாரும் பெருசா அசையலன்னா, உங்களைக் கவர்ந்தது கம்போசிட்டிங்.

டிசைன்ல பார்க்க வேண்டியது கோடுகளோட எண்ணிக்கை. சட்டையில எட்டு பட்டன், மூணு பெல்ட், தனித்தனி முடிக்கற்றைன்னு டிசைன் பண்ணினா போஸ்டர்ல கண்ணைப் பறிக்கும். அதே கோடுகளை ஒவ்வொரு படத்துலயும் திரும்பப் போடணும். அதனால அந்தக் கதாபாத்திரம் அதிகம் திரும்பாது, ஓடாது. நிழலும் அப்படித்தான். வழக்கமா ஒரு அடிப்படை நிறம், ஒரு நிழல் நிறம், முடியில ஒரு பளபளப்பு. அதுக்கு மேல ரெண்டாவது நிழல் சேர்த்தா ஒவ்வொரு படத்துலயும் எல்லைக் கோடு கூடும். இயக்குநர் மமோரு ஹொசோதா படங்கள்ல இதுக்கு நேர் எதிரா, கதாபாத்திரங்கள் மேல பெரும்பாலும் நிழலே கிடையாது. முதல் பார்வைக்குத் தட்டையா தெரியும். ஆனா உடம்பு எப்படித் திரும்புது, தோள் எப்படி இறங்குதுன்னு பாருங்க, மிச்சம் பிடிச்ச கோடு எங்க செலவாச்சுன்னு புரியும். நிறைய கோடு உள்ள டிசைனை 'உயர்ந்த ஆர்ட்'னு நினைக்கறது ஸ்டில் படம் பார்த்து வந்த பழக்கம்.

அடுத்து, கேலிக்காக எடுக்கற ஸ்க்ரீன்ஷாட்கள். முகம் ரப்பர் மாதிரி இழுபட்டு, மூணு கையோட ஒரு ஃப்ரேம். இது வேகத்தைக் காட்ட வேணும்னே வரையறது, ஸ்மியர்னு பேர். உண்மையான சொதப்பல் வேற. வித்தியாசம் தெரிய ஃப்ரேம் எண்ணுங்க. ஸ்மியர் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்ல போயிடும். சொதப்பல் நிக்கும்: சும்மா பேசிட்டிருக்கற முகம், ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ, அப்படியே 40 ஃப்ரேம்.

பழைய செல் அனிமே பத்தி ஒண்ணு. அந்தக் காலத்துல ஒளி ஊடுருவற தாள்ல முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயின்ட். அதைக் கேமராவுக்குக் கீழ அடுக்கி வெச்சு ஃபிலிம்ல எடுத்தாங்க. ஃபிலிம் துகள், நிறத்தோட அடர்த்தி, ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் எல்லாம் அதுல இருந்து வந்தது. 1969-ல ஆரம்பிச்ச சசாயே-சான்ங்கற டிவி தொடர் மட்டும் 2013 வரைக்கும் செல்லை விடல. இதுல வேடிக்கை என்னன்னா, 1995-ல வந்த ஒரு தொடர் இன்னிக்கு 2003-ல வந்ததை விடத் துல்லியமா தெரியலாம். ஃபிலிமைத் திரும்ப ஸ்கேன் பண்ணலாம். 2000 வாக்குல டிஜிட்டலுக்கு மாறின பல தொடர்களை அன்னிக்கு டிவி அளவான 480 வரியிலயே முடிச்சுட்டாங்க. அதைப் பெருசாக்கத்தான் முடியும், இல்லாத விவரத்தைக் கொண்டுவர முடியாது. அதனால 'எச்.டி. ரீமாஸ்டர்'னு போட்டிருந்தா, மூலம் ஃபிலிமான்னு பார்த்துட்டு எதிர்பார்ப்பை வெச்சுக்கோங்க.

[திரை: ஒலிப்பதிவுக் கூடத்தோட வரைபடம். வரிசையா மைக், எதிர்ல திரை.]

இப்போ குரல். ஜப்பான்ல வழக்கமான முறை, படத்தைப் பார்த்துட்டே பேசறது. மூணு நாலு மைக் வரிசையா நிக்கும். செய்யூக்கள், அதாவது குரல் நடிகர்கள், ஸ்கிரிப்ட் புக்கைக் கையில பிடிச்சுட்டுப் பின்னாடி உட்கார்ந்திருப்பாங்க. தன் வசனம் வர்றப்போ எழுந்து, காலியா இருக்கற மைக்குக்குப் போய்ப் பேசிட்டு, சத்தமில்லாம விலகணும். பக்கம் திருப்பற சத்தம் கேட்டாலும் டேக் போச்சு. சரசரக்கற துணி போட்டுட்டு வர முடியாது. முதல்ல ஒத்திகை, ஒலி இயக்குநர் திருத்தம் சொல்வார், அப்புறம் பதிவு. வசனம் ஒண்ணு மேல ஒண்ணு விழற இடங்களை மட்டும் பிறகு தனியா எடுப்பாங்க.

இதுல முக்கியமானது, எதிர்ல திரையில ஓடற படம் பல நேரம் முடிஞ்சிருக்காது. கலர் இல்லாத கோட்டுப் படம், சில சமயம் வெறும் ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட் ஷாட்டா போட்ட முன்வரைவு. யார் எப்போ பேசணுங்கறதுக்கு அந்தக் கதாபாத்திரத்தோட பேர் திரையில வந்து மறையும். அந்தப் பேர் இருக்கற நேரத்துக்குள்ள வசனம் முடியணும். முகபாவம் பார்த்து நடிக்க அங்க முகமே இல்ல. அதனால செய்யூ முழு உணர்ச்சியையும் குரலுக்குள்ளயே கட்டிக் கொண்டுவர்றார். திடுக்கிடறப்போ இழுக்கற மூச்சு, தலையாட்டறப்போ வர்ற "ம்", எழுந்திரிக்கறப்போ வர்ற முனகல், இதெல்லாம் ஸ்கிரிப்ட்லயே குறிச்சிருக்கும். நிஜ வாழ்க்கையில யாரும் இவ்வளவு சத்தமா மூச்சு விடறதில்லதான். ஆனா நாலு படத்துல ஓடற ஷாட்ல அந்த மூச்சை எடுத்துட்டா முகம் பொம்மையாயிடும். இயக்குநர் ஒசாமு தெசாகி உச்சக்கட்டத்துல படத்தை அப்படியே ஒரு ஓவியமா உறைய வெப்பார். அங்க காட்சியை நகர்த்தறது குரலும் இசையும் மட்டும்தான்.

இதைத் தலைகீழா பண்ணினவங்களும் உண்டு. குரலை முதல்ல பதிவு பண்ணிட்டு, அதுக்கேத்தபடி வரையறது. 1988-ல அகிரா படம் அப்படித்தான் வந்தது. இயக்குநர் இசாவோ தகஹதா 1991-ல 'ஒன்லி யெஸ்டர்டே' படத்துல பெரியவங்க வர்ற காட்சிகளை அப்படி எடுத்தார். சிரிக்கறப்போ கன்னத்துல விழற கோடு வரைக்கும் நடிகரைப் பார்த்து வரைஞ்சாங்க. குரலைக் கேளுங்க: தூக்கல் எதுவும் இல்ல, பக்கத்து அறையில யாரோ பேசற மாதிரி சாதாரணமா இருக்கும். கன்னம் நடிக்கறப்போ குரல் அடங்கிப் போகலாம். "ஓவர் ஆக்டிங் இல்லாத அனிமே வேணும்"னு தேடறவங்க உண்மையில தேட வேண்டியது முகம் அதிகம் வரையப்பட்ட அனிமே.

பையன் கதாபாத்திரத்துக்குப் பெண்கள் குரல் கொடுக்கறது பலருக்கு முதல்ல நெருடும். காரணம் நடைமுறை சார்ந்தது. சிறுவனை நடிக்க வெச்சா ரெண்டு மூணு வருஷத்துல குரல் உடைஞ்சிடும், தொடரோ பல வருஷம் ஓடும். மசாக்கோ நொசாவா 1986-ல இருந்து 'டிராகன் பால்' கோகு, மயூமி தனகா 1999-ல இருந்து 'ஒன் பீஸ்' லூஃபி. நொசாவா கோகுவோட ரெண்டு மகன்களுக்கும் அவரே பேசறார். அப்பாவும் பிள்ளைகளும் பேசிக்கற இடத்துல கண்ணை மூடிட்டுக் கேட்டுப் பாருங்க, சுருதியை விட வசனத்தோட வேகம்தான் ஆளை மாத்துதுன்னு தெரியும்.

டப் நல்லதா, சப் (மூலக்குரலும் சப்டைட்டிலும்) நல்லதாங்கற சண்டைக்கு வர்றேன். பல மொழி டப்பிங்ல நடிகர்கள் தனித்தனியா, காதுல மூலக்குரலைக் கேட்டுட்டு, வரி வரியா பதிவு பண்றாங்க. எதிர்ல ஆள் இல்லாததால வாக்குவாதக் காட்சிகள்ல வசனங்களுக்கு நடுவுல ஒரு சின்னப் பள்ளம் விழும். அதைத்தான் நம்ம காது "டப் செயற்கை"ன்னு சொல்லுது. 2020-ல கொரோனா வந்தப்போ ஜப்பான்லயும் சின்னச் சின்னக் குழுவா பிரிச்சுப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. தமிழ் டப்புக்கு ஒரு சாதகம் இருக்கு: ஜப்பானிய வாக்கியத்துலயும் வினைச்சொல் கடைசியிலதான் வரும். குரல் ஏறி உடையற இடம் ரெண்டு மொழியிலயும் வாக்கியத்தோட கடைசிலயே விழும், ஷாட் வெட்டற இடத்தோட பொருந்தும். வசனம் மேடைப் பேச்சு நடையில எழுதப்பட்டா அந்தச் சாதகம் வீணாப் போயிடுது, அது வேற கதை.

ஒப்பிடணும்னா இப்படிப் பண்ணுங்க. ஏற்கெனவே கதை தெரிஞ்ச ஒரு 3 நிமிஷக் காட்சி எடுங்க, சண்டை வேண்டாம், ரெண்டு பேர் பேசற காட்சி. முதல்ல சப்டைட்டிலை ஆஃப் பண்ணிட்டு மூலக்குரல்ல பாருங்க. எழுத்து படிக்கறப்போ கண்ணு திரைக்குக் கீழயே இருக்கும், வாயும் மூச்சும் எங்க சேருதுன்னே தெரியாது. அடுத்து திரையை மறைச்சுட்டுக் குரலை மட்டும். அப்புறம் சத்தத்தை அணைச்சுட்டுப் படத்தை மட்டும். கடைசியா டப். ரெண்டு ட்ராக்கோட வால்யூமையும் சமமா வெக்க மறந்துடாதீங்க. கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவும் நல்லா நடிச்ச மாதிரியே கேக்கும். முதல் எபிசோட்ல சோதிக்க வேண்டாம், நடிகர்கள் கதாபாத்திரத்துக்குள்ள வர நாலஞ்சு எபிசோட் ஆகும்.

[திரை: எண்ட் கிரெடிட், மெதுவா மேல நகருது.]

பிடிச்சதைத் தேடிப் போக, ஸ்டூடியோ பேரை விட எண்ட் கிரெடிட் நம்பகமானது. ஒரே ஸ்டூடியோவுல வேற வேற குழு வேலை பார்க்கும். அசைவு பிடிச்சிருந்தா அந்த எபிசோடோட அனிமேஷன் டைரக்டர் (மத்தவங்க வரைஞ்சதைத் திருத்தி ஒரே மாதிரி ஆக்கறவர்), குரல் பிடிச்சிருந்தா ஒலி இயக்குநர், இந்த ரெண்டு பேரைக் குறிச்சுக்கோங்க. அனிமேஷன் டைரக்டர்ங்கற இடத்துல ஒண்ணு ரெண்டு பேர் இருந்தா முகங்கள் எபிசோட் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். பத்துப் பதினஞ்சு பேர் வரிசையா வந்தா பெரும்பாலும் நேரம் போதாம வேலையைப் பங்கு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அந்த மாதிரி எபிசோட் கிடைச்சா திரும்பப் போட்டு, நீளமான வசனம் வர்ற ஒரு ஷாட்டைப் பிடிங்க. வாய் மூடின பிறகும் குரல் ஓடுதா, இல்ல குரல் முடிஞ்ச பிறகும் வாய் ஆடுதான்னு ஃப்ரேம் ஃப்ரேமா எண்ணுங்க.