கணக்கில் வராத சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம். உடல் பருமன் எதனால் வருகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

எடை கூடிவிட்டதென்று எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "நான் சாப்பிடறதே கொஞ்சந்தான் டாக்டர்" என்பதைத்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் அளவாகச் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. பதினொரு மணிக்கு டீயோடு உள்ளே போன வடையைக் கேட்டால், "அது சும்மா டீ குடிக்கப் போனப்போ" என்பார்கள். பிள்ளை மீதி வைத்ததை வீணாக்க மனசில்லாமல் அம்மா வழித்துப் போட்டுக்கொண்ட தயிர்சாதம், டிவி முன்னால் இரண்டு பிடி மிக்சர், எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. டீயும் அப்படித்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு சர்க்கரையிலேயே 200 ஆகிவிடுகிறது.

எண்ணெயைப் பற்றி நான் வேறு மாதிரி கேட்பேன். மாசத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? நாலு பேர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் கேன் ஒரு மாசத்தில் காலியானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். கிட்டத்தட்ட 350 கலோரி, அதாவது ஏறக்குறைய ஆறு இட்லி. ஓட்டல் பரோட்டா இதில் சேரவில்லை.

சரி, நாக்கைக் கட்டினால் போதுமே என்பீர்கள். அது முழு நியாயம் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 2019-21இல் அது 40 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்கள் 28இலிருந்து 37. நாலைந்து வருஷத்தில் இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சோம்பல் வந்துவிடுமா? மாறியது கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் பண்டங்களும், உட்கார்ந்தே பார்க்கும் வேலையும்தான்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை அங்கேயே தங்கவைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2019இல் வெளியானது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அதே ஆட்கள் தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்மையான பண்டம், மெல்ல வேண்டிய வேலை குறைவு. வயிறு போதும் என்பதற்குள் தட்டு காலி. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

தூக்கம் குறைந்தால் பசி கூடும்; ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். தைராய்டு மேல் பழி போடுவது சுலபம். ஆனால் தைராய்டு குறைவால் ஏறுவது பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளாலும் எடை ஏறும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஒரு சேதி. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பைப் பார்த்தால் யாஜ்னிக்குக்கு 21 சதவீதம், யுட்கினுக்கு 9. அந்த இரண்டு பேர் படத்தையும் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் போட்டார்கள். அதனால் நம்மவர்களுக்கு எடை மெஷின் மட்டும் போதாது, டேப் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி அளந்தால், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக்கூடாது. அளக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளாதீர்கள். டாக்டர்களே அதைச் செய்கிறார்கள். வணக்கம்.