பழைய பாயை எரித்தால் விமானம் தாமதமாகுமா? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்!

போகி அன்று விடியற்காலையில் சென்னையில் ஒருவர் கிழிந்த பாயைக் கொளுத்துகிறார். புனே விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கிற உங்கள் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வருகிறது: "செயல்பாட்டுக் காரணங்களால் உங்கள் விமானம் தாமதம்." இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா?

வணக்கம் மக்களே. சப்ஸ்கிரைப் பட்டன் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்குப் போவோம்.

(திரையில்: புகைமூட்டத்தில் மங்கலாகத் தெரியும் ஓடுபாதை விளக்குகள்)

2018 ஜனவரி 13, போகிப் பண்டிகை. சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாத அளவுக்குப் புகை. இறங்க வந்த விமானங்கள் பெங்களூரு, ஹைதராபாத் என்று திருப்பி விடப்பட்டன. கிளம்ப வேண்டியவை மணிக்கணக்கில் நின்றன. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. நாமே கொளுத்தி, நாமே மாட்டிக்கொண்டோம்.

தினமும்தான் ஊரில் எங்காவது குப்பை எரிகிறது, போகிக்கு மட்டும் ஏன் இப்படி? மார்கழி கடைசியில் இரவில் தரை நன்றாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். ஆனால் அதற்கு மேலே இருக்கும் காற்று சூடாகவே இருக்கும். வழக்கமாக மேலே ஏறிப் போகும் புகை, அந்தச் சூடான அடுக்கை முட்டியதும் அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடும். தள்ளிக்கொண்டு போகக் காற்றும் வீசாது. சென்னை கடலோர ஊர், காற்றில் ஈரம் நிறைய. அந்த ஈரம் புகைத் துகள்கள் மேல் படிந்து துளித்துளியாக மாறும். ஆக, நம் வாசலில் இருப்பது வெறும் புகை இல்லை, புகையும் பனியும் சேர்ந்த கலவை. வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும்.

பாயும் பழைய துணியும் மட்டும் எரிந்த காலம் போய்விட்டது. இப்போது டயர், பிளாஸ்டிக் எல்லாம் நெருப்பில் விழுகிறது. எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருடமும் கெஞ்சுகிறது. டயரை எரிப்பது எந்தப் பாட்டி சொல்லிக் கொடுத்த சம்பிரதாயம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரி, டெல்லியில் இதைவிட மோசமான மூடுபனியிலும் விமானம் இறங்குகிறதே? இறங்கும். ஓடுபாதைப் பக்கத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்துத்தான் விமானம் இறங்குகிறது. இந்த வசதியில் வகைகள் உண்டு. முதல் வகைக்கு ஓடுபாதையில் சுமார் 550 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டெல்லியில் இருக்கும் மூன்றாம் வகையில் 50 மீட்டர் தெரிந்தாலே போதும். ஆனால் அதற்குத் தனி விளக்குகள், தனிக் கருவிகள், தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் வேண்டும். டெல்லிக்குக் குளிர்காலம் முழுக்க அது தேவை. சென்னைக்கு வருடத்தில் சில காலைகள்தான் இந்தத் தலைவலி. அதற்காகக் கோடிகளைக் கொட்டுவதைவிட டயரை எரிக்காமல் இருப்பது மலிவு என்பது என் கட்சி.

இப்போது புனேக்கு வருவோம். அங்கே வானம் பளிச்சென்று இருக்கிறது, அப்புறம் ஏன் தாமதம்? நீங்கள் ஏற வேண்டிய விமானம் இன்னும் வந்தே சேரவில்லை! விமானத்தை நாம் நமக்காகவே நிறுத்தி வைத்த கார் மாதிரி நினைக்கிறோம். அது ட்ரிப் அடிக்கிற மினிபஸ். உள்நாட்டில் ஓடும் ஏர்பஸ் 320 ஒன்று ஒரே நாளில் ஐந்தாறு ட்ரிப் அடிக்கும். ஒரு ட்ரிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே தரையில் கிடைப்பது அரைமணி நேரம்போல. காலையில் சென்னையில் இரண்டு மணி நேரம் போனால், இரவு கடைசி ட்ரிப் வரை அந்தக் கடன் அடையாது. அதனால்தான் நாளின் முதல் விமானத்தைப் பிடியுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். முந்தின இரவே வந்து நிற்கிற விமானம், யாருக்காகவும் காத்திருக்காது. சென்னையில் போகி அன்று மட்டும் இது தலைகீழ். முதல் விமானம்தான் முதலில் மாட்டும்!

விமானிக்கும் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. பெங்களூருக்குத் திருப்பி விடப்பட்டுக் காத்திருக்கும்போதே அந்த நேரம் தீர்ந்துவிட்டால், புகை கலைந்தாலும் வேறு விமானி வர வேண்டும். 2025 டிசம்பரில் நாடே பார்த்தது இதன் பெரிய வடிவம்தான். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, வாரத்துக்கு ஆறு என்றிருந்த இரவுத் தரையிறக்கம் இரண்டானது. விதியை 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். அதற்கேற்ற ஆள்பலம் இண்டிகோவிடம் தயாராக இல்லை. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. சோர்ந்துபோன விமானி ஓட்டுவதைவிட ஓய்வெடுப்பது நமக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்கூட்டியே ஆள் எடுக்காததுதான் கோளாறு.

பணம் கிடைக்குமா? இந்தியாவில் முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய் உச்சவரம்பு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். வெறும் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது. சாப்பாடு உண்டு, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். வானிலை என்று காரணம் காட்டிவிட்டால் இழப்பீடு போச்சு.

பாரிஸிலிருந்தோ ஃபிராங்க்பர்ட்டிலிருந்தோ ஊருக்கு வருகிற சொந்தங்களே, உங்கள் கதையே வேறு. இப்போதுள்ள ஐரோப்பிய விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால், தவறு நிறுவனத்தின் பக்கம் இருந்தால், 600 யூரோ. 2010இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளியே மூடியபோதுகூட, இழப்பீடு இல்லாவிட்டாலும் சாப்பாடும் தங்குமிடமும் தந்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

இன்னொன்று கேளுங்கள், எனக்கு இது இன்னும் ஆச்சரியம். 2019இல் ஸ்டுட்கார்ட்டிலிருந்து லிஸ்பனுக்கு அதிகாலை விமானம். கிளம்புவதற்கு முன் துணை விமானி ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் அதிர்ச்சியில் பறக்க முடியாது என்றார்கள், விமானம் ரத்து. இது அசாதாரணச் சூழல்தானே என்று டாப் போர்ச்சுகல் நிறுவனம் வாதாடியது. இல்லை, ஊழியருக்கு எதுவும் நேரலாம், அதற்கும் சேர்த்துத் திட்டமிடுவது உங்கள் வேலை, பணத்தைக் கொடு என்று 2023இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கொஞ்சம் கல்நெஞ்சமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் "செயல்பாட்டுக் காரணம்" என்ற ஒரே வரியில் நம்மை உட்கார வைக்கிறவர்களைப் பார்த்த பிறகு, நான் நீதிமன்றத்தின் பக்கம்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் விமானத்தைக் கண்காணிக்கும் செயலியில் உங்கள் விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். கவுன்டரில் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். தாமதம் என்றால் சண்டை போடாமல் காரணத்தை மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உள்நாட்டுப் புகாருக்கு அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது. உங்களுக்குச் சொன்னதிலேயே நம்ப முடியாத காரணம் எது என்று கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.