சிவப்பணுவுக்குள் கிருமி: வெள்ளை அணு என்ன செய்யும்?

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால், ரிப்போர்ட்டில் எல்லாரும் முதலில் தேடுவது டோட்டல் கவுண்ட். வெள்ளை அணுக்கள் 11,000-ஐத் தாண்டியிருந்தால் "இன்ஃபெக்‌ஷன் இருக்கு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். தாண்டாவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதிக்கு மலேரியாவில் இடமில்லை. சிவப்பணுக்களைக் கோடிக்கணக்கில் உடைக்கும் நோய் இது. ஆனாலும் பெரும்பாலான நோயாளிகளுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை இயல்பாகத்தான் இருக்கும், சிலருக்குக் குறைந்தும் இருக்கும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளில் ஒரு பகுதி ரத்த ஓட்டத்திலிருந்து விலகி மண்ணீரல் போன்ற உறுப்புகளில் தங்கிவிடுவதும் இதற்கு ஒரு காரணம். ஊசியில் எடுத்த ரத்தத்தில் அவற்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கிருமி ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். கொசு கடித்ததும் மலேரியா ஒட்டுண்ணி முதலில் போவது கல்லீரலுக்கு. கல்லீரல் செல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்காரர் சரக்கின் மாதிரியை வாசலில் தொங்கவிடுவதுபோல, தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை வெளிச்சுவரில் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் அந்நியச் சரக்கு தெரிந்தால், ரோந்து வரும் கொல்லும் டி செல்கள் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) அந்தச் செல்லையே அழித்துவிடும். உடலின் உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, புதிதாகப் புரதம் செய்யும் கருவிகளும் இல்லை. உள்ளே ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு 120 நாள் ஓடித் திரிவதுதான் அதன் வேலை. ஒட்டுண்ணி கல்லீரலை விட்டு வந்து குடியேறுவது இந்த வாசல் இல்லாத கடையில். கொல்லும் டி செல் பக்கத்திலேயே கடந்துபோனாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

முழுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி, எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்களை மட்டுமே தேடிப் பிடிக்கும். இளம் அணுக்களில் அந்தக் காட்டும் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வைவாக்ஸ் நோயாளிகளின் டி செல்கள் அதைக் கண்டு அவற்றைத் தாக்குவதாகப் பிரேசிலில் நடந்த ஆய்வுகள் காட்டின. இன்னொரு வகையான ஃபால்சிபாரம் எந்த வயதுச் சிவப்பணுவையும் விடாது. அதனால்தான் அதன் ஆட்டமும் பெரிது.

டி செல் கைவிட்ட இடத்தில் வேலையை எடுத்துக்கொள்வது மண்ணீரல். நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்கள் வயதாகி ஓய்வுபெறுகின்றன. அவற்றைச் சோதித்து விழுங்கும் இடங்களில் மண்ணீரல் முக்கியமானது. அங்கே இருக்கும் இடுக்குகள் ஒன்றிரண்டு மைக்ரான் அகலமே. ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு உடலை வளைத்து நுழைந்து போக வேண்டும். ஒட்டுண்ணி வளர வளர அணு விறைத்துப்போகிறது, நுழைய முடியாமல் நிற்கிறது. நிற்பதை மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் விழுங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டது போலத்தான் ஃபால்சிபாரம் நடந்துகொள்கிறது. தான் இருக்கும் அணுவின் மேல் ஒரு பிசின் புரதத்தை நீட்டி, மூளை உள்ளிட்ட உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மண்ணீரல் பக்கமே போவதில்லை. அந்தப் புரதத்துக்கு எதிராக நம் உடல் எதிர்ப்பொருள் செய்து முடிக்கும் நேரத்தில் வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அப்படி மாற்றிப் போட அதனிடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன.

மண்ணீரல் எவ்வளவு முக்கியம் என்பதை மலேரியாவின் தூரத்து உறவான பாபீசியா காட்டிக் கொடுத்தது. உண்ணி கடித்துப் பரவும், முக்கியமாகக் கால்நடைகளைத் தாக்கும் ஒட்டுண்ணி அது. மனிதரில் முதல் நோய்ப்பதிவு 1957-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தது. அந்த நோயாளிக்கு ஏற்கெனவே மண்ணீரல் அகற்றப்பட்டிருந்தது. அவர் இறந்துபோனார்.

மேக்ரோபேஜ் விழுங்கியது என்றேனே, அதற்குச் சாட்சி கண்ணுக்கே தெரியும். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் ஹீம், அதாவது ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி, அதற்கே நஞ்சு. அதனால் அதைப் பழுப்புக் கறுப்புப் படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. இதுதான் ஹீமோசோயின். சிவப்பணு வெடித்ததும் அந்தப் படிகங்களை மோனோசைட்டு, நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் அள்ளி விழுங்குகின்றன. 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் ராணுவ மருத்துவமனையில் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் துரத்திக்கொண்டிருந்தது இந்தக் கறுப்பு நிறமியைத்தான். அதைப் பின்தொடர்ந்து போய் ஒட்டுண்ணியையே கண்டார், 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் ஸ்மியர், அதாவது கண்ணாடியில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் வெள்ளை அணுவுக்குள் அந்தக் கறுப்பைத் தேடுகிறார்கள். ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணிகள் ஸ்மியரில் வராது. ஆனால் அவை விட்டுப்போன குப்பை வெள்ளை அணுவில் இருக்கும். கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவில், நியூட்ரோபில்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நிறமி சுமந்தால் நோயாளி ஆபத்தில் இருக்கிறார் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

வெடித்துச் சிதறியதை விழுங்கிய மோனோசைட்டுகள் டிஎன்எஃப் போன்ற புரதங்களைக் கொட்டுகின்றன. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் அதன் வேலை. வைவாக்ஸில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பணுக்கள் ஒரே சமயத்தில் வெடிப்பதால்தான் காய்ச்சலும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்து வருகிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மலேரியா ரத்தசோகையை ஒட்டுண்ணியின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியில்லை. ஃபால்சிபாரத்தில் ஒட்டுண்ணி உடைக்கும் ஒவ்வொரு சிவப்பணுவுக்கும், ஒட்டுண்ணியே இல்லாத எட்டு அணுக்கள் வரை போகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வைவாக்ஸில் இந்த விகிதம் இன்னும் பல மடங்கு. அவற்றில் பெரும்பகுதியை அழிப்பது நம் மேக்ரோபேஜ்கள்தான். உசுப்பிவிடப்பட்ட மேக்ரோபேஜ், மேற்பரப்பில் சிறு மாற்றம் தெரிந்தாலும் விழுங்குகிறது. போதாக்குறைக்கு, அதே டிஎன்எஃப் எலும்பு மஜ்ஜையில் புது அணு உற்பத்தியையும் மட்டுப்படுத்துகிறது. உடைப்பதும் நம் ஆள், செய்யவிடாமல் தடுப்பதும் நம் ஆள். வேறு வழி இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. எது கெட்ட அணு என்று அடையாளம் காட்ட ஆளில்லாத இடத்தில் சந்தேகத்தின் பேரில்தான் வேலை நடக்கும்.

இதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. அதற்குப் பெரு நாட்டுக்குப் போக வேண்டும். 1870-களில் லீமாவிலிருந்து லா ஒரோயாவுக்கு மலைமேல் ரயில் பாதை போட்டபோது, தொழிலாளர்கள் கடும் காய்ச்சலும் சோகையும் கண்டு கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதே பகுதியில் உடம்பில் சிவந்த மருக்கள் கிளம்பும் இன்னொரு நோயும் இருந்தது. 1885-இல் டேனியல் கரியோன் என்ற மருத்துவ மாணவர், ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்ததைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். வந்தது ரயில் பாதைத் தொழிலாளர்களைக் கொன்ற அதே ஒரோயா காய்ச்சல். அக்டோபர் 5 அன்று இறந்தார். இரண்டும் ஒரே நோய் என்பது அப்படித்தான் தெரிந்தது. பார்டோனெல்லா என்ற பாக்டீரியா மணல் ஈ வழியாக வந்து சிவப்பணுக்களைத் தாக்குகிறது. அந்த நோயாளிகளில் பலரை முடித்துவைத்தது பார்டோனெல்லா அல்ல, பின்னால் வந்த சால்மோனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா.

ஆப்பிரிக்காவில் மலேரியா கண்ட குழந்தைகளுக்கும் அதே சால்மோனெல்லா ரத்தத்தில் இறங்குகிறது. கிருமி வேறு, கண்டம் வேறு, பொதுவானது சிவப்பணு உடைவது. எலிகளில் நடந்த ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் ஹீம் திசுக்களை எரிக்கக்கூடியது. அதைச் சிதைக்க உடல் ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்ற நொதியைப் பெருக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் நியூட்ரோபில்களிலும் அது பெருகுகிறது. அந்த நியூட்ரோபில்கள் முதிர்ந்து வெளியே வந்து பாக்டீரியாவை விழுங்கும், ஆனால் உள்ளே போட்டு எரிக்கும் ஆக்ஸிஜன் வெடிப்பு அவற்றில் மங்கிவிடுகிறது. கவுண்ட்டில் அவை எண்ணிக்கைக்கு வரும், வேலைக்கு வராது.

ஆகவே ஸ்மியரில் மலேரியா உறுதியான பிறகும், நியூட்ரோபில்கள் ஏறியிருந்தால் மருத்துவர் ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், கேட்பார். 'மலேரியாதான் தெரிந்துவிட்டதே, இன்னொரு டெஸ்ட் எதற்கு' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கடும் மலேரியாவோடு வரும் குழந்தைகளுக்கு, பாக்டீரியா இல்லை என்று தெளிவாகும்வரை மலேரியா மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.