மூட்டமான நாளில் குமிழி விடுங்கள்

கொடைக்கானல் பண்பலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஏரியைச் சுற்றி ஒரு நடை போனால் வாடகை சைக்கிளுக்கும் சுட்ட சோளத்துக்கும் நடுவில் பபிள்ஸ் விற்பவர் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார். அவர் துப்பாக்கியை அழுத்துவார், குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும், பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு ஓடும், அப்பாவோ அம்மாவோ போனை எடுப்பார். எடுத்த படத்தில் பிள்ளை இருக்கும், குமிழி இருக்காது, இருந்தாலும் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். "வெயில் இல்லைங்க, ஒரே மூட்டம், அதான்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. குமிழியைப் படமெடுக்க மூட்டமான நாள்தான் வேண்டும், அது நம் ஊரில் கேட்காமலே கிடைக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். குமிழிக்குச் சொந்த நிறம் கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படலம் அது. அதன் வெளிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் கூடும், சில நிறங்கள் அடிபட்டுப்போகும், அப்படி மிஞ்சுவதைத்தான் நாம் பச்சை, ஊதா, ரோஜா நிறம் என்று பார்க்கிறோம். அப்படியானால் அது ஒரு கண்ணாடி மாதிரி, எதிரே எவ்வளவு வெளிச்சப் பரப்பு இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் நிறம் தெரியும். உச்சி வெயிலில் சூரியன் ஒரு சின்னப் பொட்டு, குமிழியிலும் அது பொட்டாகத்தான் விழும். மேகம் இறங்கிவிட்டால் வானம் முழுக்க ஒரே வெள்ளை விளக்கு, குமிழியின் பாதி உடம்பு நிறத்தால் நிறைந்துவிடும். பின்னால் மட்டும் இருட்டாக எதாவது வேண்டும், இல்லையென்றால் அத்தனை நிறமும் வெளிறிப்போகும். பில்லர் ராக்ஸ் போகிற வழியில் இருக்கிற பைன் காடு அதற்கென்றே நிற்கிறது.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் சோப்புக் குமிழியின் நிறங்களை வரிசையாக எழுதும்போது, வானம் வெள்ளையாக இருக்கையில், குமிழிக்குப் பின்னால் கறுப்பான ஒன்றை வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். காற்று கலைத்துவிடாமல் இருக்கக் குமிழியைக் கண்ணாடியால் மூடியும் வைத்தார். வெள்ளை வானம், கறுத்த பின்புலம், இரண்டும் நமக்கு வட்டக்கானல் போனாலும் இருக்கிறது!

சரி, போனில் எப்படி எடுப்பது? பறக்கிற குமிழியைத் துரத்த வேண்டாம். குமிழி விடுகிறவர் கையிலிருக்கும் வளையத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், அப்புறம் அதே தூரத்தில் வருகிற குமிழியை மட்டும் வரிசையாகச் சுட்டுக்கொண்டே இருங்கள். கேமராவாக இருந்தால் ஐஎஸ்ஓ-வை, அதாவது ஒளியை உணரும் திறனைக் கூட்டி, ஷட்டரை ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள், மூட்டத்தில் அது இல்லாமல் முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே ஒரு வானமும் அதற்குக் கீழே மரங்களும் நேராக நிற்கும், அடியில் இன்னொரு வானமும் தலைகீழ் மரங்களும் இருக்கும். முன்பக்கச் சுவர் புடைத்த கண்ணாடி, அதில் நேராக விழுகிறது. பின்பக்கச் சுவர் உள்குழிந்த கண்ணாடி, அதில் புரண்டு விழுகிறது. நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீங்களும் குட்டியாக இருப்பீர்கள்.

ஈரக்காற்றும் நமக்குத் துணை. குமிழி உடைய ஒரு பெரிய காரணம் அதிலிருக்கிற தண்ணீர் ஆவியாகிப்போவது, மூட்டத்தில் அது மெதுவாகத்தான் நடக்கும். விடியற்காலைக் குளிரில் வாயால் ஊதினால் உள்ளே இருப்பது சூடான மூச்சு, அதனால் குமிழி கொஞ்ச தூரம் மேலே ஏறும். அடிவாரத்து வெயிலில் அதை இவ்வளவு நன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் அடிவாரத்துக்கும் ஒரு பெருமை உண்டு, வத்தலக்குண்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பப்பாளி இலைக் காம்புதான் ஊதுகுழல், காட்டாமணக்குக் காம்பைப் பாதி உடைத்தால் அதன் பாலே படலமாக நிற்கும், சோப்பே வேண்டாம். (அந்தப் பால் வாயில் படக்கூடாது, பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தது குமிழியின் கடைசி நொடிகள். படலத்துத் தண்ணீர் கீழே வழிய வழிய உச்சி மெலிகிறது, நிறங்கள் வளையம் வளையமாக இறங்குகின்றன, உச்சி வெள்ளி மாதிரி வெளுக்கிறது, பிறகு அந்த இடம் கறுப்பாகிவிடும். ஓட்டை விழுந்ததுபோலத் தெரியும், ஆனால் படலம் இருக்கிறது, நிறம் காட்ட முடியாத அளவுக்கு மெலிந்திருக்கிறது. நியூட்டனும் இந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். பறக்கிற குமிழியில் இதைப் பிடிப்பது கஷ்டம், ஈரமான தட்டில் அரைக்குமிழியாக உட்கார வைத்தால் யாராலும் எடுக்க முடியும்.

குமிழி வாங்கக் காசுகூட வேண்டாம். டீக்கடையில் ஆற்றி ஊற்றிய டீயின் நுரையைப் பாருங்கள், குமிழிகளின் சுவர்கள் மூன்று மூன்றாகத்தான் சந்திக்கும், நான்கு சேர்ந்தால் நிற்காது, உடனே நகர்ந்து மூன்றாகிவிடும். பெல்ஜியத்து இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ இந்த விதியை 1873-ல் தன் நூலில் விளக்கினார், அப்போது அவருக்குக் கண்பார்வை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துச் சொல்ல அவர் எழுதினார். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

வீட்டில் கலக்குவதானால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் நுரைக்காமல் மெதுவாகக் கலந்து, மருந்துக்கடைக் கிளிசரினைக் கொஞ்சம் விடுங்கள். ஏரிக்கரையில் விட்டால் மிச்சத்தை ஏரியில் ஊற்றாதீர்கள், மீன்களுக்கு ஆகாது, காலி டப்பாவையும் வீட்டுக்கே கொண்டுபோங்கள். மிஞ்சிய கரைசலை மூடி ஓர் இரவு வையுங்கள், மறுநாள் இன்னும் நல்ல குமிழி வரும்.